இரவல் பி.பி.

"ஐயோ... சார் அசையலையே!"

டைப்பிஸ்டின் அலறலில் ஆபீஸே எழுந்து நின்றது.

முதலாளி மேஜையில் கவிழ்ந்து கிடந்தார். 'எனக்கு பி.பி. வராது... நான் குடுக்கறவன்!' என்று மீட்டிங்குக்கு மீட்டிங் முழங்கிய வாயிலிருந்து, முக்கியமான ஒரு ஃபைலின் மேல் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"உயிர் போயிடுச்சு. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கணும்," என்றார் டாக்டர்.

தகவல் கேட்டு வந்த இன்ஸ்பெக்டர் முதலாளியின் டிராயரைத் திறந்தார்.

மாத்திரை டப்பா... லேபிளில் டெஸ்பாட்ச் கிளார்க்கின் பெயர்!

கிளார்க் வந்து நின்றார். பதினெட்டு வருஷம் திட்டு வாங்கியே தேய்ந்த உருவம்.

"உன் மாத்திரை இங்கே எப்படிய்யா வந்தது?"

"அவருக்காக வாங்கறதுதான் சார். வெளியூர்ல ஒருதரம் மயங்கி விழுந்தப்போ பி.பி.ன்னு தெரிஞ்சுது. முதலாளிக்கு வியாதின்னா கௌரவம் என்ன ஆகறது? அவருக்குப் பதிலா நான் போய் இந்த டாக்டர்கிட்டத்தான் கையை நீட்டுவேன்."

"உனக்கு பி.பி. இருந்தாத்தானே எழுதிக் குடுப்பார்?"

"தாராளமா இருந்துச்சு சார். அரைமணி நேரம் என்னைக் கிழிச்சுட்டு, அந்தச் சூடு ஆறறதுக்குள்ளே அனுப்பிடுவார்!"

டாக்டர் திடுக்கிட்டார். "மூணு மாசம் முன்னாடியே மாத்திரையை நிறுத்திட்டேனே! இவருக்கு நார்மல் ஆயிடுச்சு!"

"எப்படிய்யா ஆச்சு?"

"அவர் திட்டத் திட்ட, மனசுக்குள்ளே அவருக்கு இரங்கல் சர்க்குலர் எழுத ஆரம்பிச்சேன் சார். கமா, புள்ளி உட்பட. அப்படியே இறங்கிடுச்சு."

"அப்ப இந்த டப்பாவுல...?"

"வைட்டமின் சார். அதே வெள்ளை, அதே சைஸ்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"'நான் சொல்றதைக் கேளு, நீ எதுவும் சொல்லாதே'ன்னு உத்தரவு சார். ஒருநாளும் மீறினதில்லை."

"கொலைய்யா இது!" இன்ஸ்பெக்டர் மேஜையைக் குத்தினார். குத்திய வேகத்தில் முதலாளியின் பேனா உருண்டு விழுந்தது. "ஆயுசு முழுக்க உள்ளே கிடப்பே! டாக்டர், பயத்துல இவனும் மண்டையைப் போட்டுடப் போறான்... பாருங்க!"

டாக்டர் கிளார்க்கின் கையில் பி.பி. மெஷினின் பட்டையைச் சுற்றி, காற்றடித்தார். பார்த்தார். மறுபடியும் அடித்தார்.

"நூத்தி இருபது... எண்பது!"

"கொலை கேஸ்ல மாட்டினவனுக்கா!" இன்ஸ்பெக்டரின் நெற்றி நரம்பு கயிறாகப் புடைத்தது. "மெஷின் ரிப்பேர்!"

அதே பட்டையை டாக்டர் அவசரமாக அவருடைய கையில் சுற்றினார்.

"நூத்தித் தொண்ணூறு! உட்காருங்க சார்... முதல்ல உட்காருங்க!"

கிளார்க் பவ்யமாக நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்கு இப்பல்லாம் வர்றதில்லை சார்... குடுக்கறதோட சரி!"