குட்டி யானை மேல் ஒரு குண்டு மெஷின்

பென்னலூர்ப் பள்ளியின் கபடிப் பெண்கள் பன்னிரண்டு பேரும் தலைமுதல் கால்வரை சேறாக நின்றார்கள். ஆனாலும் யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அரையிறுதியில் ஜெயித்தாயிற்றே!

இரவு பெய்த மழையில் ஏரிக்கரை மைதானம் களியாகக் கிடந்தது. அதில் விழுந்து புரண்டு ஆடியதில் ஜெர்சியின் நிறம் நீலமா கறுப்பா என்றே தெரியவில்லை.

"சந்தோஷம் எல்லாம் சரி," என்றார் பி.டி. டீச்சர் கனகம். "நாலு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் கிரவுண்டுல ஃபைனல். ஜெர்சில நம்பர் தெரியலன்னா ஆட வுட மாட்டாங்க. நம்மகிட்ட கீறது இந்த ஒரு செட்டுதான். யார் துவைச்சு எடுத்துட்டு வர்றது?"

டீச்சர் முடிப்பதற்குள் சசிரேகாவின் கை மேலே போய்விட்டது.

"எங்க வூட்ல புது மெஷின் வந்துகீது டீச்சர். முன்னாடி கண்ணாடிக் கதவு. தொட்டா பாட்டுப் பாடும். ஒரு மணி நேரத்துல துவைச்சு, பாதி காய வெச்சும் குடுத்துடும்."

"நிச்சயமா?"

"நான் கேரண்டி டீச்சர்."

பதினோரு வயதில் கேரண்டி கொடுப்பது சுலபம். உடையை மாற்றிக்கொண்டு, பன்னிரண்டு ஜெர்சிகளையும் பெரிய பிளாஸ்டிக் வாளியில் போட்டு, சைக்கிள் ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு சசி வீட்டுக்குப் பறந்தாள்.

வீட்டு வாசலில் பழைய வாஷிங் மெஷின் நின்றிருந்தது. சசி பிறப்பதற்கு முன்பே வாங்கியது. மேலே மூடி, நடுவில் ஒரு திருகு, அவ்வளவுதான். துணியைப் பிழியும்போது சமையலறை வரை நடந்து வந்துவிடும். அதற்குக் 'குண்டு' என்று பேர் வைத்தவன் தம்பி பிரவீன். குண்டுவைப் பழைய சாமான்காரர் ரத்தினத்திடம் கொடுத்துவிடுவதாக அப்பா பேசி முடித்திருந்தார்.

சசி ஜெர்சிகளைப் புது மெஷினுக்குள் திணித்தாள். கதவு 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டது. மெஷின் பாட்டுப் பாடியது. அதே நேரம் தெருவில் இன்னொரு பாட்டுக் கேட்டது.

"பழைய இரும்பு... பழைய ஃபிரிட்ஜு... பழைய வாஷிங் மெஷினு..."

ரத்தினத்தின் குட்டி யானை வந்துவிட்டது. குட்டி யானை என்றால் காதை ஆட்டும் யானை இல்லை, சின்ன டெம்போ. அதன் தலைமேல் ஒரு ஸ்பீக்கர் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். அதை நிறுத்தும் பட்டன் எப்போதோ உடைந்து போயிற்று.

சசியே கேட்டைத் திறந்துவிட்டாள். ரத்தினமும் தெருவில் போன இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு குண்டுவைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள்.

"யப்பா, இன்னா கனம்," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார் ரத்தினம்.

"டாட்டா குண்டு," என்று சசி கையை ஆட்டினாள். பிரவீனுக்கு மட்டும் முகம் தொங்கிப் போயிற்று.

அவர்கள் உள்ளே திரும்பியபோது புது மெஷின் பாடவில்லை. கீ கீ என்று கத்திக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் சிவப்பாக ஏதோ எழுத்து மின்னியது. சசி ஒரு பட்டனை அழுத்தினாள். பிறகு எல்லாப் பட்டன்களையும் அழுத்தினாள். கதவை இழுத்தாள். அது அசையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஜெர்சிகள் சேற்றுத் தண்ணீரில் மிதந்துகொண்டு அவளையே பார்த்தன.

அம்மாவும் அப்பாவும் ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருந்தார்கள். வேலை நடக்கும் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. சசி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

சரோஜா அத்தை தன் போனில் கம்பெனியைக் கூப்பிட்டார். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று ஒரு குரல் வெகுநேரம் சொன்னது. கடைசியில் ஆள் பேசினார். மெக்கானிக் திங்கட்கிழமை வருவாராம்.

"திங்கக்கெழமையா?" சசி அலறினாள். "இன்னிக்கு நாலு மணிக்கு மேட்ச்சு அத்தை. நான்தான் கேரண்டின்னு சொன்னேன்."

பன்னிரண்டு பேரும் ஜெர்சி இல்லாமல் மைதானத்துக்கு வெளியே நிற்பதும், எதிரணி ஆடாமலே கோப்பையை வாங்கிக்கொண்டு போவதும் அவள் கண்முன் வந்து போயின. எல்லாம் அவள் வாயால் வந்தது.

அவள் மறுபடி மெஷின் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உள்ளே முக்கால்வாசி தண்ணீர். அவளுக்கு ஒன்று தோன்றியது.

"பிரவீன், இப்ப இந்தக் கதவு தொறந்தா இன்னா ஆவும்?"

"வூடு பூரா தண்ணி ஆயிடும்."

"அதான் தொறக்க மாட்டேங்குது. தண்ணி வெளிய போனா தொறக்கும்."

மெஷினைக் கொண்டு வந்து வைத்தவர் அடியில் ஒரு சின்ன மூடியைக் காட்டியது அவளுக்கு நினைவு வந்தது. சரோஜா அத்தையைக் கூப்பிட்டு ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, அந்த மூடியைத் திருகினாள். கறுப்புத் தண்ணீர் பீறிட்டது. வாளி நிறைந்தது, அண்டா நிறைந்தது, பிறகு கூடமும் நிறைந்தது. பிரவீன் தன் செருப்பைக் கப்பலாக விட்டான். சற்று நேரம் கழித்து 'க்ளிக்' என்று கதவு விட்டுக்கொடுத்தது.

ஜெர்சிகள் கைக்கு வந்துவிட்டன. ஆனால் பாதிச் சேறு, பாதி நுரை.

"குடு, நான் கையால கசக்கித் தர்றேன்," என்றார் சரோஜா அத்தை. "ஆனா கண்ணு, வானம் மூடிக்கினு கீது. கையால பிழிஞ்சா சாயங்காலம் வரைக்கும் சொட்டிக்கினேதான் இருக்கும்."

அப்போது எங்கோ பின்தெருவில் மெல்லக் கேட்டது. "பழைய இரும்பு... பழைய ஃபிரிட்ஜு..."

சசியும் பிரவீனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அடுத்த நிமிடம் வாளி ஹாண்டிலில் தொங்கியது, பிரவீன் பின்னால் தொற்றிக்கொண்டான், சைக்கிள் பறந்தது. பின்தெருவுக்குப் போனால் சத்தம் பிள்ளையார் கோயில் பக்கம் கேட்டது. கோயிலுக்குப் போனால் சத்தம் மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தபோது ஸ்பீக்கர் சத்தம் அதில் முங்கிப் போயிற்று. சசி சைக்கிளை நிறுத்திக் காதைத் தீட்டினாள்.

"அங்கக்கா, டீக்கடை பக்கம்," என்று பிரவீன் கத்தினான்.

ரத்தினம் டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டியின் மேல் குண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. சசி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"இப்பத்தான டாட்டா காட்டுன?" என்று ரத்தினம் சிரித்தார். "சரி, ஏறுங்க. வூட்ல எறக்கி வெக்கிறேன்."

"எறக்க ஆளும் இல்ல, நேரமும் இல்லண்ணா. இங்கயே துவைச்சிடலாமா? இதுக்குக் குழாய்கூட வாணாம். மூடியத் தொறந்து தண்ணிய ஊத்துனா போதும்."

ரத்தினம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வண்டி மேலயா?"

டீக்கடைக்குப் பின்னால் ஃபேக்டரிப் பெண்கள் வாடகைக்கு இருக்கும் அறைகள். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்த செல்லக்கனி அக்கா, பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"என்னட்டி, நடு ரோட்டுல வச்சாத் துவைக்கப் போற?"

"நாலு மணிக்குக் கபடி ஃபைனல்க்கா."

கபடி என்ற சொல்லைக் கேட்டதும் செல்லக்கனியின் பிரஷ் நின்றது. "நானும் பள்ளிக்கூடத்துல ஆடுனவதாம்ட்டி," என்றவர் அறைத்தோழியைக் கூப்பிட்டார். "ஏ சுகப்பிரியா, அந்த நீள ஒயர எடுத்துட்டு வா. ப்ளக் நான்தான் சொருகுவேன், ஈரக் கையோட ஒருத்தரும் கிட்ட வரப்படாது, சொல்லிட்டேன்."

அதன் பிறகு அந்தத் தெருவே வேலை செய்தது. ஒருவர் சக்கரத்துக்குக் கல் வைத்தார். இன்னொருவர் மெஷின் ஆடாமல் இருக்கக் கட்டையைச் செருகினார். அறைகளில் இருந்து குடம் குடமாகத் தண்ணீர் கை மாறி வந்தது. சசி வண்டியில் ஏறி ஜெர்சிகளைப் போட்டு, திருகைத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

குண்டு ஒரு முறை உறுமியது. பிறகு 'கடகட, கடகட' என்று துவைக்க ஆரம்பித்தது. தெருவே கைதட்டியது. சசிக்கு அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"புதுசு புதுசா வாரத்துக்கு ரெண்டு மெஷின் என் வண்டிக்கு வருது," என்றார் ரத்தினம். "உள்ள பூரா பிளாஸ்டிக்கு. இது பார், இரும்பு."

சசி போட்ட ஜெர்சிகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்து, திடுக்கிட்டாள். "பதினொண்ணுதான் போட்டேன். கேப்டன் ஜெர்சி எங்க?"

பிரவீன் தலையைச் சொறிந்தான். சைக்கிள் கேரியரில் மடித்து வைத்திருந்த ஒரு சேற்று உருண்டையை எடுத்து வந்தான். "கம்பி குத்திச்சுக்கா. அதான் மேல உக்காந்துகினு வந்தேன்."

இந்நேரம் புது மெஷினாக இருந்தால் கதவு பூட்டிக்கொண்டிருக்கும். குண்டுவின் மூடியைச் சசி தூக்கினாள், அது சமர்த்தாக நின்றது. கேப்டன் ஜெர்சியைப் போட்டு மூடினாள், மறுபடி ஓடியது. இதைப் பார்த்த டீக்கடைக்காரர் தன் அழுக்குத் துண்டோடு நெருங்கினார். செல்லக்கனி முறைத்த முறைப்பில் அப்படியே திரும்பிப் போனார்.

அலசி முடித்துப் பிழியத் தொடங்கியதும் குண்டு ஆடிய ஆட்டத்தில் குட்டி யானையும் சேர்ந்து ஆடியது. ரத்தினம் மெஷினை ஒரு பக்கமும் செல்லக்கனி மறுபக்கமும் பிடித்துக்கொண்டு அவர்களும் ஆடினார்கள். நின்றதும் சசி ஒரு ஜெர்சியை எடுத்துப் பிழிந்து பார்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. பளிச்சென்ற நீலம். முதுகில் ஏழாம் நம்பர் எல்லாருக்கும் தெரிந்தது.

"காத்துல காஞ்சிடும், வா," என்றார் ரத்தினம்.

வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டி ஜெர்சிகளை மாட்டினார்கள். சைக்கிளும் மேலே ஏறியது. அக்காவும் தம்பியும் ரத்தினத்தின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே குட்டி யானை பறந்தது. பன்னிரண்டு நீல ஜெர்சிகளும் படபடவென்று அடித்துக்கொண்டன.

மைதானத்து வாசலில் கனகம் டீச்சர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற பெண்களின் முகத்தில் உயிரே இல்லை. அப்போது ரோட்டில் ஒரு குரல் கேட்டது. "பழைய இரும்பு... பழைய வாஷிங் மெஷினு..."

கேப்டன்தான் முதலில் பார்த்தாள். "டீச்சர், அது நம்ம ஜெர்சி."

அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பென்னலூரில் இன்னும் பேசுகிறார்கள். ஜெயிக்கக் கடைசி ரெய்டில் ஒரே ஒரு புள்ளி வேண்டும். சசியின் கை நடுக்கோட்டைத் தொட்டதும் விசில் ஒலித்தது. அதற்குமேல் என்ன நடந்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. ஜெயித்த சந்தோஷத்தில் அவள் அணிப் பெண்கள் எல்லாரும் அவள்மேல் விழுந்துவிட்டார்கள்.

ரத்தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தார்.

"அண்ணா," என்று சசி மெதுவாக அவரிடம் போனாள். "குண்டுவ உடைச்சிடுவீங்களா?"

"இன்னிக்கு இது ஆடுன ஆட்டத்தப் பாத்தப்புறம் சுத்தியல எடுக்க மனசு வருமா? வா, உங்கப்பாகிட்ட நானே பேசறேன்."

வீட்டுக்கு வந்தபோது அப்பா எல்லப்பன் பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, கூடத்துத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். ஈரத் தரையையும், செத்த மாதிரி நின்ற புது மெஷினையும், வாசலில் குண்டுவோடு வந்து நின்ற வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாராவது சொல்றீங்களா, இன்னா நடக்குது இங்க?"

பிரவீன் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். தான் கேப்டன் ஜெர்சி மேல் உட்கார்ந்ததை மட்டும் விட்டுவிட்டான்.

அப்பா துடைப்பத்தை வைத்துவிட்டுப் புது மெஷினிடம் போனார். பிறகு அதைத் தள்ளி, அந்த மூலையைக் காலி செய்தார்.

"இத நாளைக்குக் கடையில திருப்பிக் குடுத்துட்டு வரேன்," என்றார். "ரத்தினம், அத இப்படி எறக்கு. இன்னும் ரெண்டு பேர் வேணுமே, யாராவது வாங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் சசி வண்டிமேல் ஏறி, குண்டுவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.