கேப்டன் ஓய்வில் இருக்கிறார்

ஆணியில் தொங்கிய சீருடைச் சட்டை நனைந்திருந்தது.

ராஜேந்திரன் கட்டிலில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தான். முந்தின நாள் துவைத்து, இஸ்திரி போட்டு, அவன் கையாலேயே மாட்டியது. அதற்குப் பிறகு அவன் இந்த அறையை விட்டு வெளியே போகவில்லை. ஆனாலும் அக்குளில் வேர்வை வட்டம், காலரில் கறை. கிட்டே போய் முகர்ந்தால் ஹெலிகாப்டர் எரிபொருளின் மண்ணெண்ணெய் வாடையும், அதற்கடியில் ஆஸ்பத்திரி டெட்டால் வாடையும் வந்தன. செங்கம் ரோட்டில், மலையடிவாரத்தில், வெள்ளைக்காரர்கள் தியானம் பண்ண வாடகைக்கு எடுக்கும் அறை அது. வெளியே மயில்கள் மாறி மாறி அகவிக்கொண்டிருந்தன, மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை முனகியது, சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் இழுத்து நீட்டி அவன் கால்வரைக்கும் கொண்டுவந்திருந்தது.

தூக்கமில்லாதவன் மூளை எதைத்தான் காட்டாது என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அவன் ஓட்டுவது வாடகை ஹெலிகாப்டர். தேர்தல் வந்தால் தலைவர்களைச் சுமக்கும், மற்ற நாளில் நோயாளிகளைச் சுமக்கும். விமானிக்கு ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். கம்பெனி சட்டத்தை மீறாது, அவ்வளவு யோக்கியம். அறையில் கிடந்தாலே அது ஓய்வு என்று முடிவு கட்டிவிடும். கிடப்பவனை மேனேஜர் ஆதிமூலம் சென்னையிலிருந்து போன் போட்டு எழுப்பி எழுப்பி, "கேப்டன், ஃபிட்டா?" என்று கேட்பார். ராத்திரி முழுக்கக் கேட்டார். விடிந்தும் கேட்டார். "ஃபிட் சார்" என்று சொல்லி அவன் வாய் பழகிவிட்டது. கண் செருகியிருக்கும்போதே சொல்லிவிடுவான், சொன்னது ஞாபகமே இருக்காது. முடியாது என்று மறுக்க விமானிக்கு உரிமை உண்டுதான். அப்படி மறுத்த அருணகிரி இப்போது வேலூரில் பேட்டரி கடை வைத்திருக்கிறான்.

ஆனால் இன்று மறுத்துவிடுவது என்று ராஜேந்திரன் தீர்மானித்திருந்தான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூட வேன் கவிழ்ந்து, கவிநிலா என்ற சிறுமிக்கு மண்டையில் அடி. சென்னைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று மதியமே சொல்லிவிட்டார்கள். அவனுக்கோ எதிர்ச்சுவர் இரண்டாகத் தெரிந்தது. இந்தக் கண்ணோடு ஏறினால் அந்தப் பிள்ளையை நாமே கொன்றுவிடுவோம் என்று பயந்தான். வேலை போனால் மயிரே போச்சு. ஆம்புலன்ஸில் ரோட்டு வழியே கொண்டுபோகட்டும்.

போனை எடுத்து ஆதிமூலத்தை அழைத்தான்.

"சார், நான் ஃபிட் இல்ல. தூங்கவே இல்ல. இன்னிக்கு என்னால முடியாது."



"என்ன கேப்டன் வெளையாடறீங்களா? இப்பதான ஃபிட்னு சொல்லிட்டு கெளம்பினீங்க? பேஷண்ட்ட ஏத்தியாச்சுன்னு போன் வந்துச்சு."

"நான் ரூம்லதான் சார் இருக்கேன்."

"உங்க கொரல் எனக்குத் தெரியாதா? ஜாஸ்தி பேசாதீங்க, வண்டிய எடுங்க." போனை வைத்துவிட்டார்.

ராஜேந்திரன் திரும்பினான்.

ஆணி வெறுமையாக இருந்தது. கட்டிலடியில் ஷூ இல்லை. கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

மயில்கள் சட்டென்று அடங்கின. எங்கோ தூரத்தில் விசில் போல ஒரு சத்தம் கிளம்பி, தடித்து, ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. அவனுக்குப் பழகிய சத்தம். பக்கத்துக் கல்லூரி மைதானத்தில் நிறுத்தியிருந்த அவனுடைய ஹெலிகாப்டர் சுற்றத் தொடங்கியிருந்தது.

இன்ஜினியர் குலாம் ரசூலுக்குப் போன் போட்டான். நோயாளியை ஏற்றினால் ரசூலும் கூடவே பறப்பார். இறக்கைச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்தினார்.

"யாருப்பா அது? கேப்டன் நம்பர்ல இருந்து?"

"ரசூல் பாய், நான் ராஜேந்திரன். வண்டிய நிறுத்துங்க. கொழந்தய எறக்குங்க!"

"கேப்டன் என் பக்கத்துல உக்காந்துனு இருக்காருப்பா." ரசூலின் குரல் மெல்ல இறங்கியது. "ஆனா... கண்ண மூடினு இருக்காரு. எத்தினி வாட்டி கூப்ட்டாலும் ஃபிட்டுன்னு மட்டும் சொல்றாரு."

"எறங்குங்க பாய்! கொழந்தய தூக்கினு எறங்குங்க!"

"அய்யோ, மேல தூக்கிட்டாரு..."

சத்தம் அறுந்தது.

வெறுங்காலோடு மொட்டைமாடிக்கு ஓடினான். தரை இன்னும் சுட்டது. மைதானத்துப் புழுதிக்குள்ளிருந்து அது எழும்பி, தென்னை மரங்களை அலைக்கழித்துக்கொண்டு, அவனை நோக்கியே வந்தது. தாழ்வாக. மிகத் தாழ்வாக. கைகளை வீசிக் கத்தினான். அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் தெரிந்தது. ஊசலாடும் குளுக்கோஸ் பாட்டில். வெள்ளைக்கட்டுப் போட்ட ஒரு சின்னத் தலை. விமானியின் தோளைப் பிடித்து உலுக்கும் ரசூல்.

விமானி இருக்கையில் அவன்.

அதே நனைந்த சட்டை. அதே முகம். கண்கள் மூடியிருந்தன. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இத்தனை மாதமாக ராஜேந்திரன் ஏங்கிக் கிடந்த அந்தத் தூக்கத்தை அது தூங்கிக்கொண்டிருந்தது.

மூடிய கண்களோடு அந்த முகம் அவன் பக்கம் திரும்பியது.

உதடுகள் அசைந்தன.

மாடியில், ராஜேந்திரனின் வாய் தானாகத் திறந்தது. பல்லைக் கடித்தான். கையால் பொத்தினான். விரல்களுக்கிடையே சொல் வந்துவிட்டது.

"ஃபிட் சார்."

ஹெலிகாப்டர் அவன் தலைக்கு மேலே கடந்து, எங்கும் திரும்பாமல், நேரே மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.