மஞ்சளான வெற்றுக்குழி

ஞாயிறு பிற்பகல் அந்த ஆய்வகக் கட்டடத்தில் இருந்தவர்கள்: இருபது நாள் மருத்துவமனையில் கிடந்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பிய அக்கா, அவளுக்கு உதவியாளராக இருக்கும் தங்கை, கீழே வாசலில் காவலாளி. வேறு ஈ காக்கை இல்லை.

ரத்தச் சோதனைத் தட்டின் சிறு குழிகளில், நிறம் மாறவே கூடாத ஒன்று மஞ்சளாகியிருந்தது.

உடம்பின் காவல் செல்கள் எதிரில் வருவதைத் தொட்டுப் பார்த்துத்தான் தன்னதா, அந்நியமா என்று முடிவு செய்கின்றன. தொடுகிற கொக்கிக்கு ஏற்பி என்று பெயர். மூன்று வருடத்துக்கு முன் அக்காவின் ரத்தத்திலிருந்து அதன் மரபணுவை எடுத்து, வேறு செல்களில் வளர்த்துக் குப்பியில் அடைத்திருந்தார்கள். அதைத் தட்டின் குழிகளில் ஊற்றி, மேலே சோதிக்கவேண்டிய ரத்தத்தை விடுவார்கள்; அந்நியத்தைப் பிடித்தால் மஞ்சள். ஒப்பிட்டுப் பார்க்கும் வெற்றுக்குழியில் மட்டும் ஒவ்வொரு முறையும் அக்காவின் ரத்தத்தையே விடுவார்கள். விதிப்படி தப்புதான். ஆனால் அவளுக்குத்தான் நரம்பு சட்டென்று அகப்படும். அவளுடைய ஏற்பி அவளை ஒருநாளும் அந்நியமென்று பிடித்ததில்லை.

கை பிசகியிருக்கும் என்று தங்கை திரும்பச் செய்தாள். மஞ்சள். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன், போன மாதம் உறையவைத்த அக்காவின் ரத்தத்தைப் பக்கத்துக் குழியில் விட்டுக் காத்திருந்தாள். ஃப்ரீசர் இரைந்துகொண்டே இருந்தது, ப்ளீச் நெடி மூக்கை அரித்தது, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அக்காவின் நிழல் வெகுநேரமாக அசையாமல் ஒரே இடத்தில் நின்றது.

பழைய ரத்தம் தெளிவாக இருந்தது. இன்று காலை அக்காவிடம் எடுத்தது மட்டும் மஞ்சள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அக்கா பின்னால் நின்றாள். நடந்து வந்த சத்தம் இல்லை.

"ஒண்ணுமில்லக்கா. ஏதோ கெட்டுப்போச்சு போல."

"பழசு எதையும் நம்பக் கூடாது." அக்கா ஃப்ரீசரைத் திறந்து, ரத்தமும் ஏற்பியுமாகத் தன் பெயர் எழுதிய குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து ப்ளீச் தொட்டியில் போட்டாள். அவசரமே இல்லை. கடைசிக் குப்பி தங்கையின் உள்ளங்கையில் இருந்தது. அக்கா கையை நீட்டினாள்.

"குடு."

தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இவ உன்கிட்ட பாசமா இருந்தாளா?"

தங்கை மேசை விளிம்பு இடிக்கும்வரை பின்னால் நகர்ந்தாள்.

"உன்னை எப்படிக் கூப்பிடுவா?"

அம்மா போனபின் இருந்த ஒரே உறவு அக்கா. அவள் வைத்த செல்லப்பெயர். அதை மட்டும் தரமுடியாது. தங்கை மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"சரி விடு. போகப் போகத் தெரிஞ்சுக்கறேன்."

கீழே காவலாளி எழுந்து நின்றார். "நல்லாத் தேறிட்டீங்க மேடம்! ஆஸ்பத்திரிச் சாப்பாடா இது? எங்க வீட்டுக்காரிய அனுப்பணும்போல இருக்கே."

அக்கா சிரித்தாள். தங்கையின் மணிக்கட்டை விடவில்லை. காவலாளியிடம் தங்கை என்ன சொல்வது? ஒரு குழி மஞ்சளாகிவிட்டது என்றா?

தெரு முழுக்க வெயில். ஆட்கள். யாரும் பார்க்கவில்லை.

வீட்டு வாசல். தங்கை முதலில். அவள் பின்னால். கதவு சாத்தப்பட்டது. ஜன்னல்கள் அடைத்த இருட்டில் அக்காவின் கை விளக்கு சுவிட்சைத் தேடிச் சுவரெல்லாம் தடவியது, தப்பான பக்கம், தடவிக்கொண்டே இருந்தது.

பூட்டு மட்டும் தேடாமலே அகப்பட்டது.