பதினேழாம் கை

திருச்சிப் பொதுப்பாட மன்றத்தில் காலை ஏழரைக்கெல்லாம் ஆறு ஆசிரியர்களும் மேசைக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, விரல்நுனியிலிருந்து முழங்கைவரை நீளும் கைக்கூட்டை இரண்டு கைகளிலும் மாட்டிக்கொள்வார்கள். பொத்தானை அழுத்தினால், எங்கோ எப்போதோ வேலை பார்த்த யாரோ ஒருவரின் கை இவர்களுடைய கைக்குள் வந்து வேலை செய்யத் தொடங்கும். இவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சும்மா இருப்பது. முப்பது வருஷம் பிள்ளைகளை விரட்டி வேலை வாங்கியவர்களுக்கு அதைவிடக் கஷ்டமான காரியம் கிடையாது. முதல் வாரம் முழுக்க ஆறு பேரும் தங்கள் கைகளோடு மல்லுக்கட்டினார்கள்.

மேசையில் வால்வு கிடையாது, ஸ்பேனர் கிடையாது. எல்லாம் வெறுங்காற்றில்தான். பதிவில் அசைவு மட்டுமே இருக்கும். சூடு, குளிர், வலி எதுவும் ஏறாது. ஆறு பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இல்லாத வால்வை மூடி, இல்லாத குழாயைத் தாங்கிப் பிடிப்பதை முதல்நாள் பார்த்த வாயிற்காவலர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார்.

சிரிக்கிற காரியமாக அது தொடங்கவில்லை. கோடையில் பதினொன்றிலிருந்து நான்கரைவரை எவரும் வெளியே நடமாடக் கூடாது என்று சட்டம் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தெருவுக்கு ஒரு குளிர்க்கூடம். வெயில் ஏறியதும் ஊரே அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கூடங்களைக் குளிர வைப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை உயிர் காக்கும். வெளியே வந்தால் உயிரை எடுக்கும். அதைப் பராமரிக்கும் தொழிலை ஒவ்வொரு மாவட்டமும் தன் வழக்கப்படி கற்றுக்கொடுத்தது. ஒரு மாவட்டத்தில் படித்தவர் வால்வை மூடிவிட்டுச் சிவப்புச் சீட்டைத் தொங்கவிடுவார். பக்கத்து மாவட்டத்தில் படித்தவருக்குச் சிவப்புச் சீட்டு என்றால் ‘திறந்திருக்கிறது, கவனம்’ என்று பொருள். இப்படி இரண்டு பேர் ஒரே கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு சித்திரை மாதத்தில் அறுபத்தொரு பேர் மூச்சடைத்துச் செத்தார்கள். விசாரித்துப் பார்த்தால், இருவருமே தாங்கள் படித்ததைப் பிசகில்லாமல் செய்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் மாநிலம் முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் என்று முடிவாயிற்று. நல்ல தொழிலாளிகளின் கைப்பதிவுகளைப் பெயர் இல்லாமல், எண் மட்டும் போட்டு மன்றத்துக்கு அனுப்புவார்கள். ஆறு ஆசிரியர்களும் மாட்டிப் பார்த்து, ஆறு பேரும் ஒப்பம் போட்டால் அந்தக் கை பாடமாகிவிடும். தொண்ணூறு நாள் பயிற்சியில் நாற்பதாயிரம் பிள்ளைகளின் கைகள் அந்த ஒரே கையாக மாறும். ஒட்டுப்போடும் வேலை மட்டும் கூடாது. நடுவில் வெட்டித் தைத்த கை, அவசரத்தில் அதே தையலில் தடுமாறும் என்பதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். எடுத்தால் முழுக் கை. விட்டால் முழுக் கை. ஒருவர் பிழை கண்டுபிடித்தாலும் பதிவு மொத்தமும் நீக்கப்படும். பிழை மட்டும், எண்ணை வைத்துச் செய்தவர் யாரென்று பார்த்து, அவர் பெயரோடு பிழை ஏட்டில் ஏறும். பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் முதல்நாள் வாசிப்பது அந்த ஏட்டைத்தான்.

அங்கயற்கண்ணி மதுரையிலிருந்து வந்தவள். ஐம்பத்தெட்டு வயது. அதுவரை வந்த பதினாறு கைகளில் பதினொன்றை அவள்தான் நிராகரித்திருந்தாள். “மேடத்துக்கு ரசத்துலகூட கசிவு தெரியும்” என்று தூத்துக்குடியிலிருந்து வந்த சந்தியாகு கேலி செய்வார். அவளும் சிரித்துக்கொள்வாள். மகள் செவ்வந்தி இறந்து மூன்று வருஷமாகிறது என்பதும், அவளும் இதே தொழிலில் இருந்தவள் என்பதும் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அன்று வியாழக்கிழமை. பதினேழாம் கை.

“இதுக்கு நாங்க அஞ்சு பேரும் நேத்தே ஒப்பம் போட்டாச்சு,” என்றார் சந்தியாகு. “நீங்க பல் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டீங்க. மாட்டிப் பாருங்க மேடம். கை தண்ணி மாதிரி போகுது. இதுக்கு மேல ஒருத்தன் வால்வை மூடிற முடியுமாங்கேன்.”

மன்றத்தின் செயலர் மெய்யம்மை பொத்தானை அழுத்தினாள். இருபத்திரண்டு நிமிடப் பதிவு அது. திரவக் குழாயை அடைத்து, அழுத்தத்தை இறக்கி, வடிகட்டியை மாற்றி, மறுபடி திறக்கும் வேலை. கை உள்ளே வந்ததுமே அங்கயற்கண்ணிக்குப் பிடித்துப்போயிற்று. ஸ்பேனரை எடுக்கும்போது அலட்டல் இல்லை. முழுச்சுற்றுக்குப் பதில் கால் கால் சுற்றாக நிறுத்தி நிறுத்தி மூடியது. சொல்லிக்கொடுத்தவர் யாரோ கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாவது நிமிடத்தில் வலது கை இடது கையிடம் வந்தது. சுண்டுவிரல் நுனியைப் பிடித்து லேசாக இழுத்தது. அப்புறம் மோதிரவிரல், அப்புறம் நடுவிரல். பிறகு இடது கை நீண்டு, காற்றில் எதன்மேலோ உள்ளங்கையை விரித்து வைத்தது.

அங்கயற்கண்ணி கண்ணைத் திறந்தாள். “நிறுத்தும்மா,” என்றாள்.

“என்ன மேடம்?”

“ஒண்ணுமில்ல. தலை சுத்துது. பத்து நிமிஷம் கழிச்சுப் பாக்குறேன்.”

பத்து நிமிஷம் என்றவள் சாப்பாட்டு வேளைவரை கைக்கூட்டின் பக்கம் போகவில்லை. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். அழுகை வரவில்லை.

மற்ற ஐந்து பேரும் அதை விரல் சொடுக்கு என்று நினைத்திருந்தார்கள். பாதி வேலையில் விரலை நீவிவிட்டுக்கொண்டு, குழாயைத் தாங்கிப் பிடிக்கிறது என்று. மேசையில் குழாயும் இல்லை, கையுறையும் இல்லை, வேறெப்படி நினைப்பார்கள்? சுண்டுவிரலில் தொடங்கிப் பாதுகாப்புக் கையுறையைக் கழற்றும் பழக்கம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் இருந்தது. ஒருத்தி அவள். இன்னொருத்திக்கு அவளே கற்றுக்கொடுத்தாள்.

குளிர்க்கூடங்கள் வருவதற்கு வெகுமுன்பு, ஐஸ் ஆலையில் வேலை பார்த்த இருபத்துநான்கு வயதில் ஒருநாள், மீட்டர் பூஜ்யம் காட்டிய குழாயை வெறுங்கையால் தொட்டுப் பார்த்தாள் அங்கயற்கண்ணி. சில்லென்றிருந்தது. உள்ளே திரவம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தொடுகையால் நாலு பேர் பிழைத்தார்கள். பின்னாளில் மீட்டர்களெல்லாம் நம்பகமானவையாகிவிட்டன, கையுறையைக் கழற்றுவது குற்றம் என்று விதியும் வந்தது. வகுப்பில் அந்த விதியை வரி பிசகாமல் சொல்லிக்கொடுத்தாள். மகளுக்கு மட்டும் வேறு சொன்னாள். “மீட்டர் பொய் சொல்லும்டி. உள்ளங்கை சொல்லாது. யாரும் பாக்காதப்ப ஒரு தடவை தொட்டுப் பாத்துக்க.” ஊர்ப் பிள்ளைகளுக்கு விதி போதும், தன் பிள்ளைக்கு அதற்குமேல் கொஞ்சம் வேண்டும் என்ற தாயின் புத்தி அது.

விருதுநகர்ப் பக்கம் ஒரு கூடத்தில் வால்வின் கழுத்து பிளந்தபோது செவ்வந்தி தனியாக இருந்தாள். கையுறை போட்டிருந்தால் இரண்டு கையாலும் இறுக்கி மூடிவிட்டு ஓடி வந்திருக்கலாம். வெறுங்கை அந்தக் குளிரில் மூன்று விநாடிகூடத் தாங்காது. விசாரணை அறிக்கை ‘வால்வுப் பழுது’ என்று முடிந்தது. ஆஸ்பத்திரியில் துணிமணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். சட்டைப் பைக்குள் இடது கையுறை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள் அங்கயற்கண்ணி. யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையில் சந்தியாகு எதிரே வந்து உட்கார்ந்தார். “பதினேழுக்குப் போட்டுருங்க மேடம். ரெண்டு மாசமா உயிரை வாங்குதீங்க. ஜூன்ல பிள்ளைங்க வந்து நிப்பாங்க, பாடம் எங்கேன்னு கேட்டா நாம ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓட வேண்டியதுதான்.”

“அந்தக் கை யாருதுன்னு நெனைக்கிறீங்க?”

“யாருதா இருந்தா என்ன? நல்ல இடத்துல படிச்ச கை. நாளைக்கு நாற்பதாயிரம் பேர்கிட்ட அது உசுரோட இருக்கும். குடுத்துவச்ச ஆளு.”

அவர் அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். அவளுக்கோ அதைக் கேட்டதும் ஆசை பிடரியைப் பிடித்து உந்தியது. ஒரே ஒரு ஒப்பம். கன்னியாகுமரியிலிருந்து திருத்தணிவரை எந்தக் குளிர்க்கூடத்துக்குள் நுழைந்தாலும் செவ்வந்தி ஸ்பேனர் எடுப்பாள், கால் கால் சுற்றாக மூடுவாள். தான் சாகும்வரை போகிற ஊரிலெல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். மாறாக வாயைத் திறந்தால் மகள் பெயர் பிழை ஏட்டில் ஏறும். சங்கு ஊதிப் புதைத்தவளைத் தோண்டியெடுத்து, இவளைப் போல் செய்யாதே என்று ஊருக்குக் காட்டுவதாகும்.

அவள் சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்பதாயிரம் வலது கைகள் நாற்பதாயிரம் சுண்டுவிரல்களைத் தேடி வருவது கண்ணில் நின்றது. ஒவ்வொரு கைக்கும் வீட்டில் ஒருத்தி பெற்றவள் இருப்பாள். அவளிடமும் ஒரு பையைக் கொடுப்பார்கள்.

“சந்தியாகு சார்,” என்றாள். “அது விரல் சொடுக்கு இல்ல. கையுறையைக் கழட்டுது.”

அவர் பிசைவதை நிறுத்தினார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் சொல்லிக்குடுத்தது.”

கொஞ்ச நேரம் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் கையைக் கழுவாமலே எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவள் தோளில் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே இருந்தார்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஆறு பேரும் மறுபடி கூடினார்கள். அங்கயற்கண்ணி எல்லாவற்றையும் சொன்னாள், கைப்பையில் வைத்த கையுறை உட்பட. கூட்டத்தில் யாரோ, ஏட்டில் பெயர் வேண்டாமே, எண்ணை மட்டும் போடலாமே என்றார்கள்.

“விதி விதிதான்,” என்றாள் அவள். “பேரைப் போடணும். ஆனா செஞ்சவ பேருக்கு முன்னாடி சொல்லிக்குடுத்தவ பேரு வரணும். எழுதிக்கம்மா. கற்பித்த பிழை: அங்கயற்கண்ணி, மதுரை. கற்றவர்: செவ்வந்தி. காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல? அதுல ‘மகள் என்பதால்’னு போடு.”

மெய்யம்மை எழுதினாள். பிழை ஏட்டில் வருகிறவர்கள் இனி வகுப்பெடுக்க முடியாது என்ற விதியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பதிவுக்குரியவள் உயிரோடு இல்லாததால், பதினேழாம் பதிவை நீக்க வாரிசின் கையெழுத்து வேண்டியிருந்தது. அவளே போட்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

“நீக்குறதுக்கு முன்னாடி முழுசாப் பாக்குறீங்களா மேடம்? காலைல பாதியில நிறுத்திட்டீங்க,” என்றாள் மெய்யம்மை.

அங்கயற்கண்ணி கைக்கூட்டை மாட்டிக்கொண்டாள். இந்தத் தடவை கையைத் தளரவிடச் சிரமப்படவில்லை. ஸ்பேனர். கால் சுற்று, கால் சுற்று. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். உள்ளங்கை குழாயில் படிந்தது, நின்றது, விலகியது. கையுறை திரும்ப ஏறியது. வடிகட்டி மாறியது. வால்வு திறந்தது. எங்கேயும் அவசரமில்லை. மகள் இவ்வளவு நன்றாக வேலை செய்வாள் என்று அவளுக்கு இதுவரை தெரியாது, ஒருநாளும் பாராட்டியதில்லை.

இருபத்தோராவது நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. பதிவை அணைக்க மறந்திருப்பாள் போலிருக்கிறது, இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது. வலது கை மெதுவாக வந்து இடது கையுறையை மறுபடி கழற்றியது. உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டது. பெருவிரலால் நடுவில் அழுத்தித் தேய்த்தது. விட்டுவிட்டுத் தேய்த்தது. இடது கையின் விரல்கள் ஒவ்வொரு தடவையும் சுருண்டு மடங்கின. பிறகு கை உயர்ந்து வாயருகே போய் நின்றது. ஊதுகிறாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செவ்வந்தி வீட்டுக்கு வந்தபோது அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள் அங்கயற்கண்ணி: “தொட்டுப் பாத்தியாடி?” தொட்டேம்மா என்றுதான் அவளும் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். வேறொன்றும் சொன்னதில்லை.

பதிவு முடிந்து கைக்கூடு அணைந்தது. அங்கயற்கண்ணியின் வலது பெருவிரல் மட்டும் நிற்கவில்லை. இடது உள்ளங்கையின் நடுவில் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தது.

“நீக்கிடட்டுமா மேடம்?” என்றாள் மெய்யம்மை.

“கொஞ்சம் இரும்மா,” என்றாள் அவள். “பிள்ளைக்கு வலிக்குது.”