பத்து மில்லி பொய்

போன் அலறியது.

எம்.ஆர்.ஐ. அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டெக்னீஷியனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மேடம், வார்டுலேர்ந்து நர்ஸ் பேசறேன். உங்க மாமியாரை ஸ்ட்ரெச்சர்ல ஏத்தியாச்சு. சர்ஜனும் கூடவே..."

மீதியை அவள் கேட்கவில்லை. ரிசீவர் கையிலிருந்து நழுவியது.

ஆபரேஷன் பத்து மணிக்கு. இப்போது ஒன்பதே முக்கால்!

நேற்றே சொல்லியிருக்க வேண்டும்...

நேற்று மாமியாருக்கு ஸ்கேன். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க் கட்டி. அது எதுவரை போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. உள்ளேயே நின்றால் கத்தி. பக்கத்துச் சதைக்குத் தாண்டியிருந்தால் கத்தி கூடாது; கதிர்வீச்சுதான். அந்த எல்லையைப் பளிச்சென்று காட்டத்தான் நரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்து, பத்து மில்லி.

பம்பில் இரண்டு சிரிஞ்சு. ஒன்றில் மருந்து, இன்னொன்றில் உப்புத் தண்ணீர்.

அவள் நிரப்பிக்கொண்டிருந்தபோது மாமியார் படுத்தபடியே ஆரம்பித்தாள்.

"ஏம்மா, கேஸை அணைச்சியா?"

"அணைச்சேன் அத்தை. பேசாம படுங்க."

"நீ அணைச்சேன்னு சொன்னா, நான் ரெண்டு தடவை போய்ப் பார்க்கணும்."

எரிச்சல்... அந்த எரிச்சலில் இரண்டு சிரிஞ்சிலும் உப்புத் தண்ணீர்!

எல்லாம் முடிந்து மாமியார் எழுந்து உட்கார்ந்தபோதுதான், சீல் உடைக்காத மருந்துப் பாட்டில் கண்ணில் பட்டது.



'திரும்பப் படுங்க' என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாளே...

பாட்டில் கோட்டுப் பைக்குள் போனது. 'மருந்து செலுத்தப்பட்டது' என்று அவளே குறித்தாள். அதை நம்பி, 'வெளியே பரவவில்லை' என்று ரிப்போர்ட் வந்தது.

சாயங்காலம் அட்மிட் ஆகப் புறப்படும்முன், மாமியார் மருமகளின் யூனிஃபார்முக்கும் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அதைத்தான் இவள் இப்போது உடுத்தியிருக்கிறாள். உடம்பெல்லாம் முள்ளாய்க் குத்தியது.

ஓடினாள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படிகள்... இரண்டாம் மாடி... வராந்தா...

எதிரே ஸ்ட்ரெச்சர். தள்ளிக்கொண்டு நர்ஸ். பக்கத்தில் சர்ஜன்.

"டாக்டர், கத்தி வைக்காதீங்க. நேத்து மருந்தே ஏறல. தப்பு என்னோடது. தெரிஞ்சும் மறைச்சேன். அந்தப் படத்தை நம்பி நீங்க அறுத்தா, நான் கொலைகாரி."

நர்ஸ் ஸ்ட்ரெச்சரை நிறுத்தினாள்.

சர்ஜன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அறுக்கறதா? ஆபரேஷனை ஒன்பது மணிக்கே நிறுத்தி வச்சாச்சே. 'படம் எடுக்கும்போது நான் ஆடிட்டேன், திரும்ப எடுங்க'ன்னு இவங்க ஒத்தைக்கால்ல நின்னாங்க. படத்தைப் பார்த்தேன், எனக்கும் திருப்தியில்ல. மறுபடி ஸ்கேனுக்குத்தான் போறோம்."

"அத்தை... நீங்க ஆடவேயில்லையே?"

"சீல் உடைக்காத பாட்டிலை நீ ஒளிச்சதை நேத்தே பார்த்தேன். உன் வேலை போயிடக் கூடாதேன்னு பழியை நான் போட்டுக்கிட்டேன்."

சர்ஜனின் குரல் இறுகியது. "ஸ்கேனை வேற டெக்னீஷியன் எடுக்கட்டும். நீங்க என் ரூம்ல வந்து நில்லுங்க."

அவள் தலை குனிந்தது. ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது.

மாமியார் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"கஷ்டப்பட்டு ஒரு பொய்யை ஜோடிச்சு வச்சேன். ஒரே நிமிஷத்துல போட்டு உடைச்சிட்டியே. கூட்டுச் சேர்ந்து ஒரு தப்புப் பண்ணக்கூட நீ லாயக்கில்லம்மா."