பதினைந்தாவது கட்டம்

போட்டோ கடையின் பின்னறைக்கு நான் வேலைக்கு வந்த அன்று கடைக்காரர் ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார். வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும் இருபது கட்டங்கள்.

"எத்தனை தெரியுது?"

"இருபதும்."

"அடேயப்பா! எனக்கே பதினைஞ்சுக்கு மேல எல்லாம் ஒரே கறுப்பு. உனக்கென்ன, பூனைக் கண்ணா?"

பத்து வருஷம் ஆலையின் நிலவறையில் கொத்து வேலை பார்த்த கண். எழுத்துதான் நாற்பது வயசுக்கு மேல் வந்தது. கட்டத்து எண்களைப் படிக்க அது போதும்.

மூன்றாம் வாரம் ஆலையிலிருந்து பழைய பிலிம்கள் படம் போட வந்தன. தண்ணீர் கசிகிறதென்று நிலவறை வாசலை நான் செங்கல் வைத்து அடைத்த நாளில் எடுத்த படமும் அதில் இருந்தது. அடைக்குமுன் விளக்கோடு உள்ளே போய்ப் பார்த்து வரவேண்டியது என் வேலை. அன்று உடம்பு ஓய்ந்திருந்தது. வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, "யாரும் இல்ல" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்துதான் என் தங்கச்சி புருஷனைக் காணோம். அவனும் அதே ஆலையில் கூலி. எவளோடோ ஓடிவிட்டான் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

மருந்துத் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த நாள் படத்தைக் காயப்போட்டேன். அந்த வாசலுக்குள் இரண்டு கறுப்பு தெரிந்தது.

அட்டையைப் பக்கத்தில் வைத்தேன். இருட்டு இருபது. அதற்குள் ஓர் ஆள். பத்தொன்பது.

கடைக்காரரிடம் காட்டினேன். "ஒண்ணுமில்லய்யா. வீட்டுக்குப் போய்த் தூங்கு."

மறுநாள் அதே படத்தில் பதினெட்டு.

அதற்கு மறுநாள் பதினேழு.

கிழித்துப் போட்டுவிட்டு அதே பிலிமில் வேறொரு படம் போட்டேன்.

பதினாறு.

இன்னும் ஒரு கட்டம் வெளுத்தால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். தங்கச்சியிடம் நானே சொல்லிவிடலாம் என்று நாலு தடவை அவள் வாசல்வரை போய்த் திரும்பினேன்.

இன்று மத்தியானம் அவளே சாப்பாடு கொண்டுவந்தாள். மறைக்கக் கை நீட்டுவதற்குள் படத்தைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே... இப்படித் தோளைச் சாய்ச்சு நிக்கிறது அவருதானே?"

படத்தை இழுத்தேன். அவள் விடவில்லை.

"ஓடிப்போயிட்டாருன்னு சொன்னியே." குரல் கிசுகிசுப்பாய் இறங்கியது. "யாரையோ கை நீட்டிக் காட்டுறாரு பாரு. போட்டோ எடுக்கறப்ப அந்தப் பக்கம் யாருண்ணே நின்னது?"

சாந்து பூசும் கரணையோடு நான் நின்றிருந்தேன்.

படத்தின் பக்கத்தில் வைக்க அட்டையை எடுத்தேன். விரலில் ஈரம் ஒட்டியது.

இருபதாவது கட்டத்தின் மேல் ஒரு கைவிரல் தடம் பதிந்திருந்தது. காயாத சாந்து.