ஊடு நகருதுங்க

தொட்டில் நேராகத் தொங்கவில்லை. உள்ளே பாப்பா தூங்க, சேலை பின்சுவர்ப் பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது. மத்தியானமே கரண்ட் போய்விட்டது, காற்றும் இல்லை. வெற்றிலைக் கொடிக்காலில் தண்ணீர் பாய்ந்த ஈரமண் வாசனை மட்டும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த சுகன்யாவுக்கு, வீடே பஸ்ஸைப் போல மெல்லக் கிளம்பி முன்னால் போவது தெரிந்தது.

பிரசவத்துக்குப் பிறகு வந்த தலைசுற்றல்தான் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கண்ணும், காதுக்குள் இருக்கிற நீரும், உள்ளங்காலும் கலந்து பேசித்தான் நாம் நகர்கிறோமா என்று மூளைக்குச் சொல்லுமாம். “உங்களுக்குக் காதுதான் பொய் சொல்லுது, கண்ணை நம்புங்க” என்றிருந்தார் பரமத்தி வேலூர் டாக்டர்.

போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்த கணவன் மணிமாறனுக்குப் போன் போட்டாள்.

“ஏனுங்க, ஊடு நகருதுங்க.”

“மறுபடியுமா? சன்னலுக்கு வெளிய பாரு சாமி.”

பார்த்தாள். வாழைகள் அசையவில்லை.

“எல்லாம் நின்ன எடத்துலதானுங்க நிக்குது.”

“அப்பறமென்ன? செத்த நேரம் படுத்துக்க.”

தொட்டிலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. சொன்னால் பாப்பாவை மாமியாரிடம் விடச் சொல்வான். இவளை நம்பிப் பிள்ளையை விடலாமா என்று சொந்தத்தில் ஏற்கெனவே பேச்சு.

போனை வைத்ததும் வேகம் கூடியது. தரையின் அதிர்வு குதிகால் வழியாக முழங்காலுக்கு ஏறியது. தொட்டில் இன்னும் சாய்ந்தது. பாய்ந்துபோய்ப் பாப்பாவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு மறுபடி கட்டிலில் உட்கார்ந்தாள். முதுகு சுவரில் அழுந்தியது. இன்னும் வேகம். மூச்சு முட்டியது.

அப்பாவின் லாரியிலேயே வளர்ந்தவள். கிளீனர் லாரிப் பாடியை ஒரு தட்டுத் தட்டினால் வண்டி நின்றுவிடும். யோசிக்கவே இல்லை. சுவரை ஓங்கித் தட்டினாள்.

வீடு நின்றது.

காலித் தொட்டில் முன்னால் ஆடி, அடங்கியது. அப்பாடா என்று அழுதேவிட்டாள். வண்டி நின்றால் ஆள் ஏறும் என்பது பிறகுதான் உறைத்தது.

வாசல் பக்கம் தரை அமுங்கியது. ஒரு கால். இன்னொரு கால். பிறகு கட்டிலின் மறுஓரம் தாழ்ந்தது. அங்கே யாருமில்லை. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

குனிந்தாள். மடியில் பாப்பா இருந்தாள். கடைவாயில் பால். கனம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள்.

பாப்பாவின் உடம்பு இருந்த இடத்திலேயே அவளுடைய இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டன.

மடியில் பாப்பா கொட்டாவி விட்டாள்.